வாரிசுச் சான்றா, சக்சஷன் சர்டிபிகேட்டா: இறப்புப் பதிவு முதல் நீதிமன்றம் வரை, எந்த வேலைக்கு எந்த அலுவலகம்

"தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ் கையில் இருக்கிறது, அப்புறமும் ஏன் கோர்ட்டுக்குப் போகச் சொல்கிறார்கள்?" வங்கிக் கவுன்டர்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. சின்ன ஒரு சேமிப்புக் கணக்கை எடுப்பதற்காக வக்கீல் வைத்து, மாதக்கணக்கில் வாய்தா வாங்கி, கடைசியில் அது தேவையே இல்லை என்று தெரிந்துகொள்பவர்களும் உண்டு.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் பெயர்தான். தாசில்தார் தருவது வாரிசுச் சான்றிதழ். இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்று மட்டும் அது சொல்லும். நீதிமன்றம் தருவது வாரிசுரிமைச் சான்றிதழ், பேச்சுவழக்கில் சக்சஷன் சர்டிபிகேட். இறந்தவருக்கு வரவேண்டிய பணத்தை வாங்கிக்கொள்ள இன்னாருக்கு அதிகாரம் உண்டு என்று அது சொல்லும். நிலம் யாருக்குச் சொந்தம் என்பதை இரண்டுமே தீர்மானிப்பதில்லை. இந்த மூன்று விஷயங்களும் மனதில் நின்றால் பாதி அலைச்சல் குறையும். கீழே உள்ளவை தமிழ்நாட்டு நடைமுறை.

இறப்புப் பதிவு: எல்லாமே இந்தத் தாளில் தொடங்குகிறது

இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். இறந்தவரின் சொந்த ஊரில் அல்ல. தென்காசிக்காரர் மதுரை மருத்துவமனையில் இறந்தால் மதுரையில்தான் பதிவு. இது தெரியாமல் சொந்த ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் (விஏஓ) போய் நிற்பவர்கள் நிறையப் பேர். கிராம ஊராட்சிப் பகுதியில் வீட்டில் இறந்தால் விஏஓதான் பதிவாளர். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்றால் அந்தந்த அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவு. மருத்துவமனையில் இறந்தால் தகவல் கொடுக்கும் பொறுப்பு மருத்துவமனையுடையது. ஆனால் அவர்கள் அனுப்பிவிட்டார்களா, பெயரை எப்படி எழுதி அனுப்பினார்கள் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969-ன்படி 21 நாட்களுக்குள் தகவல் கொடுத்தால் கட்டணம் இல்லை. அதற்குமேல் 30 நாள் வரை தாமதக் கட்டணம். 30 நாள் தாண்டி ஓராண்டுக்குள் என்றால் மேலதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஓராண்டு தாண்டினால் முன்பு நீதித்துறை நடுவரிடம் போக வேண்டியிருந்தது. இப்போது அந்த உத்தரவு வருவாய்த்துறைப் பக்கம் வந்துவிட்டது. கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். அந்த மனுவோடு, சம்பந்தப்பட்ட பதிவாளரிடமிருந்து "இந்த இறப்பு பதிவில் இல்லை" என்ற சான்றும் வாங்கி வைக்க வேண்டும். அது இல்லாத மனு மேசையைத் தாண்டாது.

பதிவு செய்யும்போது ஐந்து நிமிடம் செலவழித்துச் சரிபார்க்க வேண்டியவை: இறந்தவர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், மனைவி பெயர், இறந்த தேதி, நிரந்தர முகவரி. இதில் பெயர்தான் எமன். ஆதாரில் "முருகேசன் எஸ்", பட்டாவில் "சுப்பையா மகன் முருகேசத் தேவர்", வங்கியில் "எஸ். முருகேசன்" என்று மூன்று விதமாக இருக்கும். பத்திரத்திலும் பட்டாவிலும் வேறு பெயர் இருந்தால் "முருகேசன் என்கிற முருகேசத் தேவர்" என்று முதலிலேயே பதிவில் கொண்டுவர முயலுங்கள். பின்னால் திருத்துவதற்குச் சட்டத்தின் 15-வது பிரிவில் வழி உண்டு. ஆனால் ஆதாரம் காட்டி, விசாரணை முடிந்து, ஓரத்தில் குறிப்பெழுதித் திருத்துவதற்குள் பொறுமை போய்விடும்.

இறப்புச் சான்றிதழில் மரணத்துக்கான காரணம் இருக்காது. அதை வெளியிடக்கூடாது என்று சட்டத்தின் 17-வது பிரிவே தடுக்கிறது. காப்பீட்டு நிறுவனம் காரணம் கேட்டால் அதற்கு மருத்துவர் கொடுத்த மரணக் காரணச் சான்றின் நகல்தான் வேண்டும். மருத்துவமனையிலிருந்து உடலை எடுக்கும் நேரத்தில் யாருக்கும் அது நினைவுக்கு வராது. கூட வந்த உறவினர் ஒருவர் நினைவாக வாங்கி வைத்துவிட்டால் நல்லது.

வாரிசு யார்: பலர் தவறவிடும் கணக்கு

விண்ணப்பம் போடும் முன்பே யார் யார் வாரிசு என்று காகிதத்தில் எழுதிப் பாருங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, மகன்கள், மகள்கள், அப்புறம் அவருடைய அம்மா. அப்பா இந்தப் பட்டியலில் இல்லை, அவர் இரண்டாம் வகுப்பு. "அம்மாவுக்கு என்ன, வயதாகிவிட்டது, அவரைச் சேர்க்க வேண்டாம்" என்று விட்டுவிடுவதுதான் விண்ணப்பங்களில் நடக்கும் பெரிய பிழை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். இறந்தவருக்கு மனைவி, அம்மா, ஒரு மகன், இரண்டு மகள்கள். அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்து ஐந்து சம பங்காகும். மகள்களில் ஒருவர் முன்பே இறந்து, அவருக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தால், அந்த ஐந்தில் ஒரு பங்கை அந்த இரு பிள்ளைகளும் பிரித்துக்கொள்வார்கள். திருமணமாகிப் போன மகளுக்கும் முழுப் பங்கு உண்டு. சீர் செய்தோம் என்பதால் பங்கு குறையாது.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. பங்கு பிரிக்காமலே பாட்டி, அதாவது இறந்தவரின் அம்மா, இறந்துவிட்டால் அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அதாவது இறந்தவரின் அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கைகளும் அந்தச் சொத்துக்குள் வந்துவிடுவார்கள். அதுவரை ஐந்து கையெழுத்தில் முடியவேண்டிய வேலைக்கு இப்போது பத்துப் பன்னிரண்டு கையெழுத்து வேண்டும். பாட்டி தன் பங்கைப் பேரப் பிள்ளைகளுக்கே விட மனதாக இருந்தால், அவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே பதிவு செய்த விடுதலைப் பத்திரமோ தான செட்டில்மென்ட்டோ எழுதிக்கொள்வதுதான் வழி.

பெண் இறந்தால் கணக்கே வேறு. மகன், மகள், கணவர் முதலில் வருவார்கள். இவர்கள் யாரும் இல்லையென்றால் அடுத்தது கணவரின் வாரிசுகள். அவருடைய சொந்த அப்பா அம்மா அதற்கும் பின்னால்தான். ஆனால் அவருக்குப் பிறந்த வீட்டிலிருந்து வாரிசாக வந்த சொத்து என்றால், பிள்ளைகளோ பேரப் பிள்ளைகளோ இல்லாத நிலையில் அது அவருடைய தந்தையின் வாரிசுகளுக்கே திரும்பிப் போகும். சொத்து எந்த வழியில் வந்தது என்று பத்திரத்தைப் பார்க்காமல் இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

முதல் மனைவி உயிரோடு, விவாகரத்து ஆகாமல் இருக்கும்போது கட்டிய இரண்டாம் மனைவி இந்து சட்டப்படி வாரிசாக மாட்டார். அவருக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு இந்துத் திருமணச் சட்டத்தின் 16-வது பிரிவு தந்தையின் சொத்தில் உரிமை தருகிறது. அந்தப் பிள்ளைகளை மறைத்து வாரிசுச் சான்று வாங்குவது இன்றில்லாவிட்டால் நாளை ரத்தாகும் வேலை. கிறிஸ்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, முஸ்லிம்களுக்கு ஷரியத். பங்கு விகிதம் மாறும், ஆனால் வாரிசுச் சான்றுக்குப் போகும் அலுவலகம் ஒன்றுதான்.

தாசில்தாரிடம் வாரிசுச் சான்று

விண்ணப்பம் இ-சேவை மையம் வழியாக. கட்டணம் 60 ரூபாய். முதல் முறை என்றால் குடிமக்கள் கணக்கு எண் உருவாக்குவார்கள். அதற்கு ஆதாரும், ஓடிபி வரும் கைபேசி எண்ணும் வேண்டும். மையத்தில் உள்ளவர் தன்னுடைய எண்ணையே போட்டுவிட்டால் பிற்பாடு வரும் குறுஞ்செய்திகள் எல்லாம் அவருக்குத்தான் போகும். உங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள்.

எடுத்துப் போகவேண்டியவை: இறப்புச் சான்றிதழ், இறந்தவரின் ஆதார், குடும்ப அட்டை, ஒவ்வொரு வாரிசின் ஆதார், விண்ணப்பதாரரின் புகைப்படம், சுய உறுதிமொழிப் படிவம். மகள் கணவர் வீட்டு அட்டையில் இருப்பார் என்பதால், அவர் இன்னாருடைய மகள் என்று காட்டப் பள்ளி மாற்றுச் சான்றிதழோ பிறப்புச் சான்றோ கூடவே வையுங்கள். முன்பே இறந்த மகனோ மகளோ இருந்தால் அவருடைய இறப்புச் சான்றும் வேண்டும். அசலை ஸ்கேன் செய்யுங்கள். மங்கலான நகலை ஏற்றி, "ஆவணம் தெளிவில்லை" என்று நிராகரிப்பு வந்தால் மறுபடியும் புது விண்ணப்பம், மறுபடியும் கட்டணம்.

விண்ணப்பம் இறந்தவர் நிரந்தரமாக வாழ்ந்த வட்டத்துக்குப் போகவேண்டும். நீங்கள் சென்னையில் இருப்பதால் சென்னை வட்டத்தில் போட்டால், அங்கே விசாரிக்க அவரைத் தெரிந்தவர் எவரும் இருக்க மாட்டார்கள்.

உள்ளே கோப்பு போகும் பாதை விஏஓ, வருவாய் ஆய்வாளர், தாசில்தார். விசாரணை பெரும்பாலும் விஏஓ நிலையில்தான் நடக்கும். அக்கம் பக்கத்தாரிடம் கேட்பார், வாரிசுகளின் வாக்குமூலம் வாங்குவார். வெளியூரில் இருக்கும் மகளின் கையெழுத்துக்காகவே கோப்பு வாரக்கணக்கில் நிற்பது வழக்கம். விஏஓவை முதல் வாரத்திலேயே பார்த்து, யார் யார் நேரில் வரவேண்டும், என்றைக்கு வரலாம் என்று கேட்டு, எல்லோரையும் ஒரே நாளில் வரவழைப்பதுதான் பயன் தரும். "நான் பார்த்துக்கிறேன்" என்று அலுவலக வாசலில் நிற்கும் புரோக்கரால் இதைச் செய்ய முடியாது. மகள் வராமல் அவரால் மட்டும் என்ன செய்ய முடியும்?

யாராவது ஆட்சேபணை எழுப்பினால், அல்லது உறவு முறையிலேயே தகராறு இருந்தால், தாசில்தார் அதைத் தீர்ப்பதில்லை. சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லி மூடிவிடுவார். அது அவருடைய அலட்சியம் அல்ல, அதிகார வரம்பு. ஆட்சேபணை எதுவும் இல்லாமலே தவறாக நிராகரித்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். காணாமல் போனவர் விஷயத்தில் ஏழு ஆண்டுகள் யாருக்கும் எந்தத் தகவலும் இல்லை என்றால் இறந்ததாகக் கருதச் சாட்சியச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் காவல்துறைப் புகாரும், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற அறிக்கையும் இல்லாமல் அந்த வழியில் இறங்க வேண்டாம்.

சான்று வந்தவுடன் ஒவ்வொரு பெயரையும் வயதையும் உறவையும் படித்துப் பாருங்கள். கியூஆர் குறியீடு உள்ள மின்சான்று என்பதால் எத்தனை முறை வேண்டுமானாலும் அச்செடுக்கலாம். லேமினேட் செய்த ஒரே பிரதியைப் பொக்கிஷம் போல வைத்திருக்கும் காலம் போய்விட்டது.

வங்கிப் பணம்: கோர்ட் வேண்டுமா, வேண்டாமா

முதலில் நாமினி இருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் இறப்புச் சான்று, நாமினியின் அடையாள ஆவணம், கோரிக்கைப் படிவம் இவை போதும். வாரிசுச் சான்று கேட்கும் கிளைகள் இன்னும் உண்டு. நாமினி இருக்கும்போது அது தேவையில்லை என்பது ரிசர்வ் வங்கியின் நிலை. அதே நேரத்தில் நாமினி என்றால் சொந்தக்காரர் என்று பொருள் இல்லை. வங்கி தன் பொறுப்பிலிருந்து விடுபட ஒருவர் கையில் பணத்தைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். வாங்கியவர் வாரிசுகளுக்காக அதை வைத்திருப்பவர். காப்பீட்டுப் பணம் பற்றி உச்ச நீதிமன்றம் 1983-இல் சர்பதி தேவி வழக்கிலும், பங்குகள் பற்றி 2023-இல் சக்தி யெஸ்தானி வழக்கிலும் சொன்னது இதைத்தான். நாமினியாக இருந்த அண்ணன் பணத்தை எடுத்துவிட்டால் தங்கைகளின் பங்கு அதோடு போய்விடாது.

நாமினி இல்லாவிட்டால் தொகையைப் பாருங்கள். ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரையும், கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரையும் எளிய நடைமுறை உண்டு. தகராறு இல்லாத நிலையில் கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம், ஈட்டுறுதிப் பத்திரம் (பின்னால் நஷ்டம் வந்தால் ஈடுகட்டுவதாக எழுதித் தருவது) இவற்றை வைத்தே பணம் தரவேண்டும். கோர்ட் சான்று கேட்கக்கூடாது. எல்லா ஆவணமும் கிடைத்த 15 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். வங்கி விரும்பினால் இந்த வரம்பை உயர்த்திக்கொள்ளலாம், குறைக்க முடியாது. கவுன்டரில் வாய்மொழியாக மறுத்தால், எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்த ஒரு கடிதம் கேட்டதுமே பல கோப்புகள் நகர்ந்துவிடுகின்றன.

பழைய கணக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். பத்தாண்டு தொடப்படாத வைப்புகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். ஆனால் உரிமை போவதில்லை. அதே வங்கி வழியாகத் திரும்பக் கேட்கலாம்.

நீதிமன்றத்தில் சக்சஷன் சர்டிபிகேட்

வரம்பைத் தாண்டிய தொகை, வாரிசுகளுக்குள் ஒத்துவராத நிலை, நாமினி இல்லாத பங்குகள், இறந்தவருக்கு மூன்றாம் நபர் தரவேண்டிய கடன் ஆகியவற்றுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 372-வது பிரிவின்படி மனு போடவேண்டும். இந்தச் சான்று வரவேண்டிய பணத்துக்கும் பங்குப் பத்திரங்களுக்கும் மட்டும்தான். வீடு, நிலத்தை இதில் சேர்த்தால் நீதிமன்றம் அதை வெட்டிவிடும்.

எந்த நீதிமன்றம்? இறந்தவர் இறக்கும்போது வழக்கமாக வாழ்ந்த இடத்துக்கு உரிய மாவட்ட நீதிபதி. நிலையான வசிப்பிடம் இல்லையென்றால் சொத்தின் ஒரு பகுதி இருக்கும் இடம். அரசு அதிகாரம் கொடுத்திருந்தால் கீழ்நிலை நீதிமன்றங்களும் விசாரிக்கலாம். உங்கள் ஊருக்கு எது என்று நீதிமன்ற வளாகத்தில் வக்கீலிடமோ அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

மனுவில் இருக்கவேண்டியவை: இறந்த தேதி, வாழ்ந்த இடம், குடும்பத்தினர் மற்றும் நெருங்கிய உறவினர்களின் பெயரும் முகவரியும், உங்களுக்கு எப்படி உரிமை வருகிறது, சான்று கொடுக்கத் தடை ஏதும் இல்லை என்ற வாசகம், கடைசியில் பணப் பட்டியல். எல்லாக் கவனமும் இந்தப் பட்டியலில் இருக்கட்டும். வங்கி, கிளை, கணக்கு எண் அல்லது ரசீது எண், இறந்த நாளில் இருந்த தொகை என ஒவ்வொன்றையும் வங்கியிலிருந்து எழுத்துப்பூர்வமாக வாங்கிப் பார்த்து எழுதுங்கள். ஒரு இலக்கம் மாறினால் வங்கி சான்றைத் திருப்பி அனுப்பும். ஒரு கணக்கு விட்டுப்போனால் 376-வது பிரிவின்படி சான்றை விரிவாக்க மறுபடியும் மனு. "இதுவரை சேர்ந்த, இனிச் சேரும் வட்டியுடன்" என்ற சொற்கள் இல்லாவிட்டால் வட்டிக்காக ஒரு தனிச் சண்டை வரலாம்.

பங்குகள் இருந்தால் இன்னொரு நுணுக்கம். 374-வது பிரிவின்படி நீதிமன்றம், வட்டியும் ஈவுத்தொகையும் மட்டும் வாங்கும் அதிகாரம் தரலாம், விற்கவும் மாற்றவும் அதிகாரம் தரலாம், இரண்டையும் சேர்த்தும் தரலாம். வேண்டுகோளில் இரண்டையும் கேட்காமல் விட்டு, டிவிடெண்ட் மட்டும் வாங்கும் சான்றோடு திரும்பி வருவது தவிர்க்கக்கூடிய வேதனை.

மனு எண் இடப்பட்டபின் மற்ற வாரிசுகள் எதிர்மனுதாரர்களாக அறிவிப்புப் பெறுவார்கள். பெரும்பாலும் பத்திரிகை விளம்பரமும் உண்டு. அவர்கள் வந்து ஆட்சேபணை இல்லை என்று சொன்னால், அல்லது வராமலே போனால், நீங்கள் நிரூபணப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து ஆவணங்களைச் சாட்சிய ஆவணங்களாக எண்ணிட்டுப் பதிவு செய்வீர்கள். எந்த எதிர்ப்பும் இல்லாத மனுவுக்கே சில மாதங்கள் ஆகும். அதில் பெரும்பகுதி அறிவிப்பு போய்ச் சேருவதிலேயே கழியும். தங்கை வீடு மாறிப் போயிருக்க, பழைய முகவரிக்கு அறிவிப்பு போய்த் திரும்பினால் ஒரு வாய்தா காலி. அதனால் ஒத்துவரும் வாரிசுகளை முதல் நாளிலேயே வக்கீல் மூலம் ஆஜராகச் சொல்லிவிடுங்கள்.

நீதிமன்றக் கட்டணம் சான்றில் சேர்க்கும் தொகைக்கு ஏற்ப வரும். 379-வது பிரிவின்படி மனுவோடு அதை முன்பணமாகக் கட்ட வேண்டும், மனு தள்ளுபடியானால் திரும்பக் கிடைக்கும். இதனால்தான், எளிய நடைமுறையில் வாங்க முடிகிற கணக்குகளை முன்பே முடித்துவிட்டு, மீதியை மட்டும் மனுவில் போடச் சொல்கிறோம். சில நேரங்களில் நீதிபதி ஈட்டுறுதிப் பத்திரமும் ஜாமீனும் கேட்பார். ஒரு ஜாமீன்தாரரைத் தயாராக வைத்திருங்கள்.

நிலம், பட்டா, இருபது ரூபாய் முத்திரைத்தாள்

நிலத்துக்கு கோர்ட் சான்று தேவையில்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பழைய பட்டா இவற்றோடு இ-சேவை வழியாகப் பட்டா மாறுதல் விண்ணப்பம் போடுங்கள். முதல் படியில் எல்லா வாரிசுகளின் பெயரிலும் கூட்டுப் பட்டா கேட்பதுதான் சரி. உட்பிரிவு கேட்டால் சர்வேயர் அளக்க வேண்டும், காலம் கூடும். பாகம் பிரித்துப் பத்திரம் பதிந்தபின் அதைக் கேட்டுக்கொள்ளலாம்.

இங்கே நடக்கும் மிகப் பெரிய தவறு இதுதான். தம்பி பெயருக்குப் பட்டா மாற்ற, அக்காக்கள் 20 ரூபாய் முத்திரைத்தாளில் "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று எழுதி, நோட்டரி முத்திரை வைத்துக் கொடுப்பார்கள். அந்தத் தாளால் பங்கு போகாது. நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தின் உரிமையை விட்டுக்கொடுப்பது பதிவு செய்த பத்திரத்தில்தான் முடியும். இது பதிவுச் சட்டத்தின் 17-வது பிரிவு. இருபது வருடம் கழித்து நிலத்தை விற்கப் போகும்போது, வாங்குபவரின் வக்கீல் வாரிசுச் சான்றில் நான்கு பெயரைப் பார்த்து மற்ற மூவரின் கையெழுத்தைக் கேட்பார். அப்போது அக்காக்களின் பிள்ளைகள் அந்தக் கையெழுத்துக்கு ஒரு விலை சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை, விடுதலை, செட்டில்மென்ட் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலையிலிருந்து தீர்வைக்கு உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000. விற்பனைப் பத்திரத்தோடு ஒப்பிட்டால் இது சொற்பம். துக்கம் ஆறி, பேச்சு இன்னும் கெடாத அந்த ஓராண்டுக்குள் பதிந்துவிடுவதுதான் எங்கள் பரிந்துரை.

பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் இறங்கு வரிசையில் போகவேண்டும். முதலில் தாத்தாவின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும், பிறகு அவருடைய மகன் மகள்களில் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அதே இரண்டும். ஒரே விண்ணப்பத்தில் தாத்தாவிலிருந்து பேரன் வரை தாவ முடியாது. எழுபதுகளில் நடந்த இறப்பு பதிவிலேயே இல்லாமல் போவது சகஜம். அப்போது முதல் பகுதியில் சொன்ன கோட்டாட்சியர் உத்தரவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வாரிசுகளில் மைனர் இருந்தால் கவனம். மைனருக்கென வந்த பங்கை அம்மாவாகவே இருந்தாலும் நீதிமன்ற அனுமதியின்றி விற்கக்கூடாது. 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-வது பிரிவு. மீறி விற்றால், பிள்ளை 18 வயது முடிந்தபின் அந்த விற்பனையை ரத்து செய்யச் சொல்லலாம்.

பட்டா மாறுதலை மறுத்தாலோ தவறாக மாற்றினாலோ கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. உரிமையிலேயே தகராறு என்றால் சிவில் நீதிமன்றம்தான். பட்டா ஒரு வருவாய்ப் பதிவு. பெயர் ஏறிவிட்டதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை, ஏறவில்லை என்பதால் ஒருவருடைய உரிமை அழிவதும் இல்லை.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால்

சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-இன் 12-வது பிரிவைப் பலர் அறிவதில்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் உள்ளவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. கணவரை இழந்த பெண்ணிடம் வருமானச் சான்று கேட்டு அலைக்கழித்தால், இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமான வரம்பு 3 லட்சம் ரூபாய்.

போகவேண்டிய இடம் வட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழு, அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. தொலைபேசி உதவிக்கு 15100. வெள்ளைத்தாளில் ஒரு பக்க மனு போதும்: யார் இறந்தார், என்ன சொத்து, யார் தடுக்கிறார், உங்களுக்கு என்ன வேண்டும். இலவச உதவி என்பது வக்கீல் கூலி மட்டுமல்ல. நீதிமன்றக் கட்டணம், ஆவணங்களின் நகல் செலவு ஆகியவையும் அதில் அடங்கும். அமர்த்தப்பட்ட வக்கீல் தனியாகப் பணம் கேட்டால் அதே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து வேறொருவரைக் கேட்கலாம்.

அண்ணன் தங்கைத் தகராறுகளுக்கு வழக்கு போடும் முன்பே அங்கே ஒரு மனு கொடுத்து, மறுதரப்பை அழைத்துப் பேசவைக்கலாம். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசம் ஆனால் அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அதன்மீது மேல்முறையீடு கிடையாது. ஆகவே சர்வே எண், எல்லை, தொகை, எந்தத் தேதிக்குள் என்பதையெல்லாம் படித்துப் பார்த்தபின் கையெழுத்திடுங்கள். மதிய உணவு நேரம் நெருங்குகிறது என்று யாரும் அவசரப்படுத்தினாலும் படியுங்கள்.

கோப்பு நகரவில்லையா

வாரிசுச் சான்றோ பட்டாவோ மாதக்கணக்கில் நின்றால், தகவல் உரிமைச் சட்டத்தின் 6-வது பிரிவின்படி வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும், பதில் 30 நாட்களுக்குள் வரவேண்டும். "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள்; காரணம் கேட்டால் அது தகவல் அல்ல என்று எழுதித் தட்டிவிடுவார்கள். விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, கோப்பு எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் வந்தது, எந்தத் தேதியில் போனது, ஒவ்வொருவரும் எழுதிய குறிப்பின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையை அந்த 60 ரூபாய் ரசீதோடு சேர்த்துப் பின் செய்து வையுங்கள். கோட்டாட்சியரிடம் மேல்முறையீட்டுக்குப் போகும்போது முதலில் அந்த இரண்டையும்தான் கேட்பார்கள்.